மாசிக் கணக்கு

வீரகனூர் மதகுக்கு மேற்கே
ஆறு ஒரு கண்மாய்போலப் படுத்திருக்கிறது.
மணி ஐந்தே முக்கால்.
காசிமாயன் கொண்டுவந்திருப்பது படகில்லை,
நான்கு தெர்மாகோல் பலகை, மேலே உரச்சாக்கு,
குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு.
துடுப்புக்கு ஆளுக்கு இரண்டு தட்டு;
யாரோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது,
நடுவில் ரோஜாப்பூ.

இருநூறு ரூபாய் பேச்சு.
வலைப் பக்கம் போனால் சத்தம் கூடாது.
எட்டு மணிக்குள் அவனுக்கு மீன் ஏற வேண்டும்,
பத்து மணிக்குள் நான் மின்வாரிய அலுவலகம் ஏற வேண்டும்.

பாதி ஆற்றில்தான் சொன்னேன்,
எனக்கு நீச்சல் தெரியாதென்று.
"எந்திரிச்சு நில்லுங்க போதும்," என்றான்,
"இடுப்பளவுதான்."

ஆகாயத்தாமரைத் திட்டைச் சுற்றி வளைகிறோம்.
தாழைக்கோழி ஏழு.
நாமக்கோழி நாற்பதுக்கு மேல்,
இருட்டில் நாமங்கள் மட்டும் முதலில் விடிந்து.
முக்குளிப்பான் ஒன்று எங்களைக் கண்டதும்
தண்ணீருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
பட்ட கருவேலத்தின் உச்சியில் பாம்புத்தாரா,
போய்விட்ட பேருந்துக்குக்
கைகாட்டிக்கொண்டிருப்பவர்போல.

தை அமாவாசைக்கு மறுநாள்
நீலச்சிறகி முந்நூற்று நாற்பது இருந்தன.
கரையில் நின்றே எண்ணினேன்,
பத்துப் பத்தாக, சில்லறை எண்ணும் வேகத்தில்.
இன்று தண்ணீர் தெரிகிறது.
இத்தனை தண்ணீர் இங்கே இருந்ததை
அன்று நான் பார்க்கவேயில்லை.

ஹெப்சிபா தென்காசிக்கு மாற்றலாகிப் போன
திங்கட்கிழமை சாயங்காலம்
அறை எவ்வளவு பெரியதென்று தெரிந்தது.
பதினோரு வருடம் வாடகை கொடுத்த அறை.

கரையில் முருங்கை பூத்துக் கொட்டுகிறது.
வேம்பில் கொழுந்து, எங்கோ ஒரு குயில்
தொண்டையைச் செருமிப் பார்க்கிறது.
எல்லாம் வந்துகொண்டிருக்கும் மாதத்தில்
வாத்துகள் மட்டும் கிளம்புகின்றன,
இராத்திரியில், யாரிடமும் சொல்லாமல்.
மிச்சம் பத்து.
எங்கள் தட்டுச் சத்தத்துக்கு
அவை எழும்பவுமில்லை.

மிதவை ஒன்று துடித்தது.
ஜிலேபிக் கெண்டை என்று இழுத்தான்.
நீலச்சிறகி. பெட்டை.
கழுத்தில் மூன்று கண்ணி, காலில் எத்தனையோ.
"இத எழுதிட்டீங்களா?"
இல்லை என்றேன்.
"மொதல்ல எழுதுங்க. பறந்துட்டா
அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வலை.
ஒவ்வொரு கண்ணியாகப் பல்லால் கடித்தான்.
துப்பிய நைலானைத் தண்ணீரில் போடாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
அதுவரை பறவை என் கையில்.
மீட்டரில் சிவப்பு விளக்கு துடிக்குமே,
முப்பது வீட்டு மீட்டர் ஒன்றாய்ச் சேர்ந்த வேகம்.
கண்ணோ அசையவில்லை.
அதில் சிறியதாக ஆற்றுப்பாலம், ஒரு லாரி,
என் தலை.

விட்டதும் பறக்கவில்லை.
உரச்சாக்கின் மேல் நின்றது,
சிறகை ஒருமுறை உதறிப் பார்த்தது,
என் நோட்டின் மேல் எச்சமிட்டது.
அப்புறம் எழும்பியது.
வடக்கே திரும்புமென்று
நான் யானைமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க,
அது ஐம்பதடி தள்ளி
சாக்கடை வந்து சேரும் வாயில் இறங்கி
மேய ஆரம்பித்தது.

"பசிக்கும்ல," என்றான் காசிமாயன்,
அறுந்த இடத்தை விரித்துப் பார்த்தபடி.
கூட நூறு கொடுத்தேன். வாங்கவில்லை,
பிறகு வாங்கிக்கொண்டான்.

அலுவலகத்துக்குப் பத்து இருபது.
சுடிதார் முழங்கால்வரை ஈரம்.
வரிசையில் முதல் ஆள்
அட்டையை நீட்டிக் கேட்டார்:
"போன தடவை அவ்வளவு,
இந்தத் தடவை இவ்வளவு. எப்படிம்மா?"
பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம்
அவர் முகத்தையே பார்த்துவிட்டேன்.

மேசைக்கடியில் நோட்டு காய்கிறது.
பத்தா, பதினொன்றா,
அந்தக் கட்டத்தில் மட்டும்
மை ஊறிப் பரவியிருக்கிறது.